எழுவாய் எங்கே? சுறாவைப் பற்றி எழுதச் சொன்னபோது நான் படித்த பாடம்

(வெஸ்ட் வின்ட்சரில் நடந்த நம் மாதாந்திரக் கூடுகையில் ஒரு தோழர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



"வகுப்பறையும் சூழலியலும்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்தார்கள். ரொம்பப் பெரிய தலைப்பு. நான் வாரநாளில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். அவ்வளவுதான். அதனால சின்னதா ஒரு விஷயத்தை எடுத்துக்கிறேன்: சுறா. சுறாவைக் காப்பாத்தணும்னு பிள்ளைகளை எழுதச் சொன்னேன். அதில் ஒரு தப்பு செஞ்சேன். அந்தத் தப்புக்குப் பிறகு என் வகுப்பில் நாலு எழுத்துப் பயிற்சிகள் உருவாச்சு. தப்பையும் பயிற்சிகளையும் உங்க முன்னாடி வைக்கிறேன். எடுத்துக்கிறதை எடுத்துக்கோங்க, அடிக்கிறதை அடிங்க.

முதல்ல தப்பு.

பருவநிலை மாற்றத்தைப் பள்ளிப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்த முதல் அமெரிக்க மாநிலம் நம்ம நியூ ஜெர்சி. 2020இல் முடிவெடுத்து, 2022 செப்டம்பரிலிருந்து வகுப்பறைகளில் நடக்கிறது. அதனால பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்போதே ஆமை, பவளப்பாறை, சுறா என்று பேசிக்கொண்டே வருகிறார்கள். நல்ல விஷயம். அதையே தமிழ் வகுப்பிலும் தொடரலாம்னு எனக்குத் தோணுச்சு. ஒன்பது பிள்ளைகள், பத்துப் பதினோரு வயசு. பலகையில் எழுதிப்போட்டேன்: "நீ ஒரு சுறா. உன்னைப் பிடிக்கும் மீனவருக்கு ஒரு கடிதம் எழுது."

பிரமாதமா எழுதினாங்க. "அன்புள்ள மீனவரே, ஏன் என் துடுப்பை வெட்டுகிறீர்கள்? உங்களுக்கு இதயம் இல்லையா?" ஒரு பையன், "நீங்கள் வேறு வேலைக்குப் போங்கள்" என்று முடித்திருந்தான். எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். எழுத்துப்பிழை குறைவு, உணர்ச்சி இருக்கு, வேறென்ன வேணும்?

ஒரு பொண்ணு மட்டும் எழுதலை. தாளில் தேதி இருந்தது. கீழே "அன்புள்ள" என்று இருந்தது. அதுக்குப் பக்கத்தில் ஏதோ எழுதி அழித்த தடம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். "தாத்தா" என்று எழுதி அழிச்சிருந்தா.

வகுப்பு முடிஞ்சு கார் நிறுத்துமிடத்தில் அவங்க அம்மா என்கிட்ட வந்தாங்க. சத்தம் போடலை. "மிஸ், எங்கப்பா சுறாத் தூண்டிலுக்குப் போனவரு. தூத்தூர்ப் பக்கம். இவ வாராவாரம் அவருகிட்ட போன்ல பேசுவா. அவரைத் திட்டி எழுதச் சொன்னா இவ என்ன செய்வா?" அவ்வளவுதான் கேட்டாங்க. காரை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

நான் ஈரோட்டுக்காரி. கடலை முதல்முதல்ல பார்த்தது பதினோரு வயசுல, பள்ளிச் சுற்றுலாவில. என் மனசில் 'மீனவர்' என்பது ஒரு படம்: படகு, வலை, முண்டாசு. அந்தப் படத்துக்கு ஒரு பேத்தி இருக்கலாம், அந்தப் பேத்தி என் வகுப்பில் மூணாவது பெஞ்சில் இருக்கலாம் என்று எனக்குத் தோணவே இல்லை. இங்கே நம்ம தமிழ்ச் சூழல் எந்தச் சாதிகளால், எந்த ஊர்களால் நிரம்பியிருக்குன்னு நமக்கெல்லாம் தெரியும். கடற்கரைக் குடும்பங்கள் எத்தனை? அவர்களுடைய பிள்ளைகள் வாயை மூடிக்கிட்டா அதை யார் கவனிக்கிறோம்? சுறாவுக்காகப் பரிந்து பேசச் சொன்ன என் பயிற்சி, ஒரு பதினோரு வயசுப் பிள்ளைக்குத் தன் தாத்தாவை மறைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டது.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன்.

தூத்தூர் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. அதையும் சேர்த்து நீரோடி வரைக்கும் வரிசையா மீனவ ஊர்கள். இந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடல் தூண்டில்காரர்கள். கொச்சித் துறைமுகத்தை மையமா வைத்து, வாரக்கணக்கில் அரபிக் கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். சுறா பிடிப்பதில் பேர் பெற்றவர்கள். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தவர்கள் இவர்கள். எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்த மாவட்டத்திலிருந்து மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அப்போது நம்மில் பலர் இங்கிருந்து நிதி திரட்டி அனுப்பினோம். அதே மக்களைத்தான் நான் "இதயம் இல்லாதவர்கள்" என்று எழுத வைத்தேன்.

இன்னொன்று. துடுப்பை அறுத்துவிட்டு உயிரோடு உடலைக் கடலில் வீசும் காட்சியை நாம் வீடியோவில் பார்த்திருப்போம். உலகின் பல கடல்களில் அது நடந்திருக்கிறது. ஆனா நம்ம கரையில் சுறா பெரும்பாலும் முழுசா வந்து இறங்கும். ஏன்னா இறைச்சிக்கு விலை உண்டு. கேரளச் சந்தைக்குப் போகும், கருவாடாகும், நம்ம வீட்டில் புட்டாகும். பால்சுறாவைப் பிள்ளை பெற்றவளுக்குச் சமைச்சுக் கொடுப்பாங்க. ஒரு நாட்டின் கொடுமையை இன்னொரு கடற்கரையின் முகத்தில் ஒட்டினேன்.

சரி, அப்போ சுறாவுக்கு ஆபத்தே இல்லையா? இருக்கு தோழர்களே, பெரிய ஆபத்து. தயவுசெய்து நான் சொல்வதை "மீனவர் பாவம், சுறா எக்கேடு கெட்டுப் போகட்டும்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1970க்குப் பிறகு ஆழ்கடல் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 71 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2021இல் வந்த ஆய்வு சொல்கிறது. சுறா மத்தி மாதிரி ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீன் அல்ல. பல இனங்கள் குட்டி போடும் வயதுக்கு வரவே பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். சில இனங்கள் ஒரு ஈற்றுக்கு இரண்டே குட்டிதான் போடும். பாண்டிச்சேரியின் பெயரையே தாங்கிய ஒரு சுறா இருக்கிறது. அது 1979க்குப் பிறகு உறுதியாகக் கண்ணில் படவில்லை.

ஆக, இரண்டும் உண்மை. சுறா அழிகிறது. தூண்டில்காரர் வில்லன் இல்லை. இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர முடியுமா? அதுதான் இப்போ நான் சொல்லப்போகும் நாலு பயிற்சிகள்.

முதல் பயிற்சிக்கு 'எழுவாய் தேடல்' என்று பேர் வைத்திருக்கிறோம். பலகையில் ஒரு வாக்கியம்: "ஆண்டுதோறும் கோடிக்கணக்கான சுறாக்கள் கொல்லப்படுகின்றன." இலக்கணப் பாடம்தான். செயப்பாட்டு வினை. கேள்வி: யாரால்? பிள்ளைகள் உடனே, "மீனவரால்". சரி, எழுதிக்கோ. அந்த மீனவருக்குப் படகு யார் கொடுத்தது? டீசல் கடன் யார் கொடுத்தது? பிடித்ததை யார் வாங்கினது? எங்கே விற்றது? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு முழு வாக்கியம், எழுவாயோடு எழுதணும்.

பிள்ளைகள் தேடத் தேடப் பட்டியல் நீண்டுகிட்டே போகும். இரண்டாம் உலகப் போரில் காட் மீன் எண்ணெய் வரத்து நின்றபோது, திருவிதாங்கூரிலும் மதராஸ் மாகாணத்திலும் சுறா ஈரல் எண்ணெய் எடுக்க அரசே தொழிலை வளர்த்தது. 1952இல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் ஒப்பந்தம் போட்டு, கொல்லம் பக்கம் நீண்டகரையில் இயந்திரப் படகுகளைக் கொண்டுவந்தன. பிறகு இறால் ஏற்றுமதிக்காக இழுவை மடிகள் பெருகின. இறாலுக்குப் போட்ட மடியில் சுறாக்குட்டியும் சேர்ந்து வந்தது. அந்த இறாலைத் தின்ற நாடுகளில் நாம் இருக்கும் நாடும் ஒன்று. ஒரு பொடியன் எழுதினான்: "என் அப்பா காஸ்ட்கோவில் இறால் வாங்குகிறார்." எழுவாய் வீட்டுக்குள்ளேயே வந்துடுச்சு.

தமிழில் இன்னொரு வசதி இருக்கு, அல்லது ஆபத்து. எழுவாயே இல்லாமல் பேசிடலாம். "பிடிச்சிட்டாங்க." "தடை பண்ணிட்டாங்க." "விலையை ஏத்திட்டாங்க." அந்த 'ஆங்க' யாரு? பிள்ளைகள் இப்போ வீட்டிலும் இதைக் கேட்கிறாங்களாம். பெற்றோர்கள் என்கிட்ட புகார் சொல்றாங்க. சந்தோஷமான புகார்.

இரண்டாவது பயிற்சி, 'பயம் எழுதப்பட்ட ஊர்'. இது முழுக்க உள்ளூர்ச் சரக்கு. நம்ம வெஸ்ட் வின்ட்சருக்குள்ளேயே இருக்கிறது குரோவர்ஸ் மில். 1938இல் ஆர்சன் வெல்ஸின் வானொலி நாடகத்தில் செவ்வாய்க் கிரகவாசிகள் வந்திறங்கிய இடம். மறுநாள் செய்தித்தாள்கள் அந்தப் பீதியை இன்னும் பெரிதாக்கின. இங்கிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் மட்டாவன். 1916 ஜூலை 1 முதல் 12 வரை, நியூ ஜெர்சிக் கரையில் ஐந்து பேரைச் சுறா தாக்கியது. நான்கு பேர் இறந்தார்கள். மட்டாவன் ஓடையில் குளித்துக்கொண்டிருந்த பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன், அவன் உடலைத் தேடிக் குதித்த இளைஞர் ஒருவர். அதுக்கப்புறம் கரை நெடுக சுறா வேட்டை நடந்தது.

பிறகு, அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் பெனிங்டன். அங்கே ஒரு உலைக் கம்பெனிக் கட்டிடத்தில் வாடகைக்கு எடுத்த அறையில் உட்கார்ந்துதான் பீட்டர் பெஞ்ச்லி 'ஜாஸ்' நாவலை எழுதினார். 1974இல் புத்தகம், 1975இல் படம். உலகமே சுறாவைக் கண்டு நடுங்கியது. உண்மையில் உலகம் முழுக்க ஒரு வருஷத்தில் சுறாவால் இறப்பவர்கள் சராசரியாக ஆறேழு பேர்தான். பெஞ்ச்லிக்கு இது பின்னால் புரிந்தது. இப்போது தெரிந்தது அப்போது தெரிந்திருந்தால் அந்த நாவலை எழுதியிருக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2006இல் பிரின்ஸ்டனில் இறக்கும்வரை கடலையும் சுறாவையும் காக்கப் பேசினார், எழுதினார்.

பிள்ளைகளுக்கான வேலை இரண்டு. ஒன்று, 1916 ஜூலை 13ஆம் தேதி மட்டாவனில் இருந்த ஒரு பிள்ளையின் நாட்குறிப்பு. பயத்தைக் கேலி செய்யக்கூடாது, அந்தப் பயம் உண்மை. இரண்டு, தான் முன்னால் எழுதிய ஏதாவது ஒன்றை எடுத்து, "இப்போது தெரிந்தது அப்போது தெரிந்திருந்தால்" என்று திருப்பி எழுதுவது. ஒன்பது பேரும் அந்தப் பழைய மீனவர் கடிதத்தையே எடுத்தாங்க. நானும் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதினேன். பலகையில் நான் எழுதிப்போட்ட அந்த ஒரு வரியைத் திருத்தி எழுத எனக்கு ஒரு பக்கம் தேவைப்பட்டது.

மூன்றாவது, 'பெயர்ப் பட்டியல்'. ஆங்கிலப் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சுறாவின் பெயர்கள் நிறையத் தெரியும். தமிழில் கேட்டால் 'சுறா'. அதோட முடிஞ்சது. நம்ம கரையில் பால்சுறா, புலிச்சுறா, சுத்தியல் தலையோடு வரும் கொம்பன் சுறா, ரம்பம் போல மூக்கு நீண்ட வேளா என்று பெயர்கள் கிடக்கின்றன. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் பேராசிரியர்கள் அல்ல, தொழில் செய்தவர்கள். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர்கள் கருவுற்ற சுறாவின் கொம்பைத் தெய்வமாக நட்டு வழிபடும் காட்சி இருக்கிறது. பிடித்தவர்கள்தான் கும்பிட்டவர்களும். கொம்புள்ள சுறா என்றால் அது வேளாவாக இருக்கலாம். அந்த வேளா இன்று அழிவின் விளிம்பில். பயிற்சி இதுதான்: கடற்கரை ஊரில் வேர் உள்ள யாரையாவது போனில் பிடி, ஒரு பெயரைக் கேட்டு வாங்கு, அந்தப் பெயர் ஏன் வந்தது என்று ஐந்து வரி எழுது.

நான்காவது, 'விசாரணை'. 2001 ஜூலையில் இந்திய அரசு எல்லாச் சுறாக்களையும் திருக்கைகளையும் காட்டுயிர்ச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் ஒரே அடியாகச் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பட்டியல். மீனவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எதிர்ப்பு வெடித்தது. டிசம்பரில் அரசு பின்வாங்கி, வேளாக்கள், பாண்டிச்சேரி சுறா, கங்கைச் சுறா, திமிங்கலச் சுறா போன்ற சில இனங்களோடு நிறுத்திக்கொண்டது. 2013இல் துடுப்பை உடலோடுதான் கரைக்குக் கொண்டுவரணும் என்றது. 2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதியையே தடை செய்தது.

அந்த 2001 ஜூலைக்கும் டிசம்பருக்கும் நடுவில் ஒரு விசாரணை நடப்பதாக வைத்துக்கொள்கிறோம். ஒரு பிள்ளை படகுத் தொழிலாளி. ஒரு பிள்ளை படகு முதலாளி. துடுப்பு ஏற்றுமதியாளர், கருவாடு விற்கும் அம்மா, கடல் ஆய்வாளர், அமைச்சக அதிகாரி. ஒரு நாற்காலி சுறாவுக்கு. ஒவ்வொருவரும் ஒரு பக்க வாக்குமூலம் எழுதி வாசிக்கணும். இரண்டே விதி. ஒன்று, யாரையும் கெட்டவர் என்று சொல்லக்கூடாது, என்ன செய்தார் என்று சொல்லலாம். இரண்டு, ஒவ்வொரு வாக்குமூலமும் இன்னொருவரிடம் கேட்கும் ஒரு கேள்வியோடு முடியணும். படகுத் தொழிலாளியும் படகு முதலாளியும் ஒரே 'மீனவர்' இல்லை என்று பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிச்சாங்க. வர்க்கம் என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை.

இப்போ, இது நமக்கு, இயக்கத்தில் இருக்கிறவங்களுக்கு, எதுக்கு?

நம்ம தோழர்கள் அதிகமா இருக்கும் மூன்று மாநிலங்களை எடுத்துக்கோங்க. கலிபோர்னியாவில் 2011இல் சுறாத் துடுப்பு விற்பனையைத் தடுக்கச் சட்டம் வந்தது. டெக்சாஸில் 2016 ஜூலை முதல் தடை. நியூ ஜெர்சியில் 2021 ஜனவரி முதல். 2022 டிசம்பரில் நாடு முழுக்க. எல்லாமே தேவையான சட்டங்கள். ஆனா கலிபோர்னியா விவாதத்தில் என்ன நடந்தது? துடுப்பு சூப் என்றால் சீனர்கள், சீனர்கள் என்றால் கொடுமை என்று பேச்சு நழுவியது. சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான பால் ஃபாங் தானே சீன அமெரிக்கர். எதிர்த்து வழக்குப் போட்டவர்களும் சீன அமெரிக்கர்கள். ஒரு சமூகத்துக்குள்ளேயே இருந்த இந்த வாதம் வெளியே யார் காதிலும் விழவில்லை. 2024இல் வந்த ஒரு ஆய்வு இன்னொன்றும் சொன்னது: துடுப்பு அறுப்புக்கு எதிரான சட்டங்கள் உலகெங்கும் பெருகிய காலத்திலேயே, 2012க்கும் 2019க்கும் இடையில், ஆண்டுக்குக் கொல்லப்படும் சுறாக்கள் 7.6 கோடியிலிருந்து 8 கோடியாக உயர்ந்தன. ஒரு சூப் கிண்ணத்தைக் குற்றவாளியாக்கினோம். இறைச்சிச் சந்தையும் பெரிய கப்பல்களும் பாட்டுக்குத் தொழிலை நடத்தின.

நம்முடைய மனுக்களையும் துண்டறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள். எத்தனை வாக்கியங்களில் எழுவாய் இருக்கு? "காடுகள் அழிக்கப்படுகின்றன", "மக்கள் வெளியேற்றப்படுகிறார்கள்." கோபம் இருக்கு, செய்தவர் இல்லை. செய்தவர் இல்லாத இடத்தில் கேட்பவர் மனசு யாரைப் போய் உட்கார வைக்கும்? கைக்கு எட்டுகிறவரை. படத்தில் தெரிகிறவரை. முண்டாசு கட்டியவரை. பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசக் கிடைக்கும் அந்தச் சில நிமிஷங்களுக்குக்கூட இது பொருந்தும்.

கடைசியா, அந்தப் பொண்ணைப் பற்றிச் சொல்லிட்டு முடிக்கிறேன். அவங்க அம்மாவிடம் அடுத்த வாரமே மன்னிப்பு கேட்டேன். பெயர்ப் பட்டியல் பயிற்சிக்கு அவ தாத்தாவிடம் போனில் பேசினா. பேசி முடிச்சு அவ கேட்ட கேள்வியையும் எழுதிக்கொண்டு வந்தா: "தாத்தா, வயித்துல குட்டியோட இருக்கிற சுறா மாட்டினா என்ன செய்வீங்க?" அவர் கொஞ்ச நேரம் பேசலையாம். அப்புறம், "தூண்டில் போட்டாச்சுன்னா எது கடிக்கும்னு நமக்குத் தெரியாது மக்களே. முன்னெல்லாம் ரெண்டு நாள் ஓடினா சுறா உண்டு. இப்ப எத்தனை நாள் ஓடினாலும் சின்னதுதான்" என்றாராம்.

எந்த ஆய்வுக் கட்டுரைக்கும் குறையாத சாட்சியம் அது. கீழே அவ சொந்தமா இரண்டு வரி எழுதியிருந்தா: "எனக்கு இன்னும் சுறா பாவம் என்றுதான் தோன்றுகிறது. தாத்தாவிடம் கேட்க இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது."

அந்தக் கேள்வி என்னன்னு நான் கேட்டுக்கலை. அது அவங்க ரெண்டு பேருக்கும் இடையில்.

எனக்கு இப்போ மூணு உதவி வேணும். கடற்கரை ஊர்களில் வேர் உள்ள தோழர்கள், பிள்ளைகளோடு போனில் பேசத் தயாரா இருக்கிற பெரியவங்களை அறிமுகப்படுத்துங்க. கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கிறவங்க இந்த நாலு பயிற்சிகளையும் நடத்திப் பார்த்து, எங்கே சொதப்பியதுன்னு எழுதி அனுப்புங்க. மூணாவது, நம்ம அடுத்த மனுவின் வரைவை அனுப்புவதற்கு முன்னாடி எனக்கு ஒரு பிரதி கொடுங்க. ஒன்பது பிள்ளைகள் சிவப்புப் பேனாவோடு காத்திருக்காங்க.

 இனி கேள்விகளுக்குப் போவோம்.